ஊருக்கு ஆகாத இறால்

ஆகஸ்ட் 7, வியாழன்

தீவனக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் எங்களுக்கு இரண்டு டைரி தருகிறார்கள். ஒன்றில் இவர் குட்டை விவரம் எழுதுகிறார். காலையில் எத்தனை கிலோ தீவனம், தண்ணீரில் எவ்வளவு உப்பு, இறால் எத்தனை கிராம். இன்னொன்றில் நான் இவர் விவரம் எழுதுகிறேன். இவர் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருந்த ஒன்பது வருடமும் பேச ஆள் இல்லாமல் பிடித்த பழக்கம். ஆள் வந்து ஆறு வருடமாகிறது, பழக்கம் போகவில்லை.

எங்களுடையது ஒரு ஏக்கர் குட்டை, குத்தகைக்கு எடுத்தது. ஜூன் இருபதாம் தேதி குஞ்சு விட்டோம். வெனாமி என்று சொல்கிற பண்ணை இறால். நான்கு மாதம் வளர்த்தால் மல்லிப்பட்டினம் காசிம் பாய் வந்து ஏற்றுமதிக் கம்பெனிக்காக வாங்கிக்கொண்டு போவார். அங்கிருந்து ஐஸில் உறைந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறும். இவர் சிங்கப்பூரோடு திரும்பிவிட்டார். இவர் வளர்ப்பது அமெரிக்கா வரை போகிறது.

இன்று டிவியில் ஒரே பேச்சு. இந்தியாவிலிருந்து போகிற சரக்குக்கு அமெரிக்காவில் இருபத்தைந்து சதவீதம் வரியாம். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வரி அவன் ஊரு சனம் கட்டப்போவுது, நமக்கென்ன?" என்றார். வாயை மூடவில்லை, காசிம் பாய் போன் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மதி தம்பி, கட்டுறது அவன்தான். ஆனா அதக் கழிக்கிறது உன் வெலையிலதான்."

இவர் மோருக்குக் கை நீட்டினார். நான் ரசத்தைக் கொடுத்தேன். அதையும் வித்தியாசம் தெரியாமல் ஊற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவருடைய அக்கா மங்கை அண்ணி பட்டுக்கோட்டையிலிருந்து வந்தார்கள், கையில் மூடி போட்ட தூக்குவாளியோடு. எங்கள் பக்கம் யார் வீட்டில் என்ன விளைந்தாலும் சொந்தக்காரர்கள் தூக்கோடு வருவது வழக்கம். நெல் அறுத்தால் மரக்கால், இறால் பிடித்தால் தூக்கு. இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை. எங்களுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு வீட்டுச் சொந்தம்.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். தூக்கில் முருங்கைக்காய் போட்டு வைத்தேன். பிறகு மீன் விற்கிற பிலோமினாக்கா வண்டியில் வந்தபோது கடல் இறால் அரைக்கிலோ வாங்கி அண்ணிக்குத் தொக்கு வைத்துக் கொடுத்தேன். அண்ணி நன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை இருபத்தொன்று பிடித்தேன், வரி ஐம்பதாகிவிட்டது. இன்றிலிருந்து இன்னொரு இருபத்தைந்து. இவர் குட்டைக் கரையில் களிமண் பிள்ளையாரை வைத்து, அமெரிக்கா இருக்கிற திசை எது என்று போனில் பார்த்து, பிள்ளையாரை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார். இதைச் செய்யும்போது பக்கத்துக் குட்டைக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. போய்த் தம் பிள்ளையாரையும் திருப்பி வைத்தார்.

செப்டம்பர் 3, புதன்

காசிம் பாய் நேரில் வந்தார். நல்ல செய்தி என்றால் போன், கெட்ட செய்தி என்றால் ஆள், அதுதான் அவர் கணக்கு. டீயைப் பாதி குடித்து வைத்துவிட்டார்.

"கோல்டு ஸ்டோரேஜ்ல போன மாசத்து எறாலே அப்புடியே கெடக்கு தங்கச்சி. கம்பெனிக்காரன் போன எடுக்க மாட்டேங்குறான். எடுத்தா, தீவனக் காசுகூடத் தேறாத வெலைய சொல்லுறான். இன்னும் கொஞ்ச நாள் குட்டையிலேயே வச்சிருங்க. பெருசானா ஏதாச்சும் வழி பொறக்கும்."

பெரிதாக வைத்திருப்பது என்றால் சும்மா வைத்திருப்பதா? ஒரு நாளைக்கு நான்கு வேளை தீவனம். இராப்பகலாக ஏரேட்டர் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் காற்றுப் பற்றாமல் மூன்று டன்னும் மிதந்துவிடும். அமெரிக்காவில் வரி ஏறியது என்று சொன்னால் இறாலுக்குப் பசி குறையவா போகிறது? இவர் தீவனத் தட்டைக் குட்டையிலிருந்து தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னமா திங்குதுவ!" என்று பெருமைப்பட்டார். பெற்ற பிள்ளை தோசை கேட்டால்கூட இப்படிப் பூரித்ததில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சிங்கப்பூரில் இருக்கிற என் தம்பி கலைச்செல்வன் பேசினான். இவருடைய பழைய பட்டறையில் ஒரு இடம் காலியாகிறதாம். பழைய ஆள் என்பதால் வயதைப் பார்க்க மாட்டார்களாம். அக்டோபர் பதினைந்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும், நவம்பரில் சேர வேண்டும்.

"அத்தான்கிட்ட சொல்லிட்டேன்க்கா. யோசிக்கிறேன்னாரு. ஒன்கிட்ட சொன்னாரா?"

"சொன்னாரு" என்றேன். சொல்லவில்லை.

விஷயம் எளிதுதான். இந்த இறால் விலை போனால் அடுத்த குஞ்சு, அடுத்த வருடக் குத்தகை. போகாவிட்டால் குட்டையை ஒப்படைத்துவிட்டு இவர் விமானம் ஏற வேண்டும். வேறு மூன்றாவது வழி எங்களுக்கு இல்லை. தென்னந்தோப்பு கஜா புயலோடு போய்விட்டது.

போனால் போகட்டும். வீட்டில் ஈரத்துண்டு நாற்காலியில் கிடக்காது. இரண்டு பேருக்குச் சமைத்தால் போதும். எனக்கென்ன வந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

மேசை மேல் இவருடைய பாஸ்போர்ட். எதற்கு என்று கேட்டேன். "கேஸ் மானியத்துக்குக் கேக்குறாங்க" என்றார். கேஸ் அடுப்புக்குப் பாஸ்போர்ட் கேட்கிற தேசம் எது என்று கேட்க நினைத்தேன். ஒன்பது வருடம் வெளிநாட்டில் இருந்தும் மனிதருக்கு ஒரு பொய் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அந்த விஷயத்தில் வீட்டுக்கு ஒருவர் போதும்.

மகள் நிறைமதிக்குப் பதினோரு வயது. அவள் பிறந்தபோது இவர் அங்கே இருந்தார். இரண்டு வயதில்தான் முதல்முறை நேரில் பார்த்தாள். விடுப்பில் வந்து இறங்கிய மனிதரைச் சுற்றிச் சுற்றி வந்து, "நீங்க எப்ப மறுபடி போனுக்குள்ள போவீங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். இவர் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஊரே கவுச்சியை விட்டுவிட்டது. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதை. மாட்டுக்குப் பெயர் பெருமாள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காசிம் பாய் மறுபடி ஆளாக வந்தார். கம்பெனி இந்தப் பக்கத்து இறாலை இந்த வருடம் எடுக்கப்போவதில்லை. அவரும் பாவம், மகளுக்கு நிச்சயம் செய்த கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறாராம். சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

அவர் போன பிறகு நிறைமதிதான் கேட்டாள். "அமெரிக்காக்காரங்க வாங்கலேன்னா நம்ம ஊர்க்காரங்ககிட்டயே வித்தா என்னப்பா?"

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, ஆமால்ல! ஆறு வருசமா இது ஏன் நமக்குத் தோணல நாயகி?"

எனக்கு அடுப்பில் பால் இருந்தது. எழுந்து போனேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நான்கு ஏரேட்டருக்கும் சந்தனம் வைத்து, டீசல் எஞ்சினுக்கு மாலை போட்டார். தீவன மூட்டைக்குக்கூடப் பொட்டு. பொரியில் ஒரு கை அள்ளிக் குட்டையில் போட்டார். இறால் பொரி தின்னுமா என்று கேட்டேன். "நல்ல நாளும் அதுவுமா சும்மா இரு" என்றார். கடலை எல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டு வெறும் பொரியைத்தான் போட்டார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சாயங்காலம் கரையில் வெகு நேரம் போன் பேசினார். நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

வீச்சு வலை போட்டு இருபது கிலோ பிடித்து, இவர் கடைத்தெருவுக்கு எடுத்துப் போனார். கிலோவுக்கு முப்பது உருப்படி. ஒவ்வொன்றும் என் விரல் நீளம் இருக்கும், கண்ணாடி மாதிரி இருந்தது. புரட்டாசி பார்க்காதவர்களும் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள், விற்றுவிடும் என்று கணக்குப் போட்டார்.

பதினொரு மணிக்குத் திரும்பினார். இரண்டு கிலோ விற்றிருந்தது. வாங்கியவர் வெளியூர் லாரி டிரைவர்.

"ஊசி போட்டு வளக்குறதாமே. திங்குறவனுக்கு வயித்துல கட்டி வருமாம். பொம்பளப் புள்ளைங்க தின்னா கல்யாணம் ஆனப்புறம் கஷ்டமாம். ஒருத்தன் இல்ல நாயகி, கடைத்தெருவே சொல்லுது. ஒரு மாத்திர போட்டாக்கூட கம்பெனி லேப்ல காட்டிக்குடுத்துரும்னு பயந்து பயந்து வளக்குறேன். எந்தப் பாவி கெளப்பி விட்டான்னு தெரியலயே."

யார் கிளப்பிய புரளியோ. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

மீதிப் பதினெட்டுக் கிலோவும் கருவாட்டுக்குப் போனது.

அக்டோபர் 7, செவ்வாய்

இவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிலோமினாக்கா வந்து வண்டியை நிறுத்தினாள். இருபது வருடமாக இந்த ஊருக்குக் கடல் மீன் கொண்டுவருகிறவள். அவள் சொன்னால்தான் எங்கள் ஊரில் மீன் மீன், நண்டு நண்டு.

"ஒம் புருசன் நேத்து என்கிட்ட வந்து, என் எறாலயும் சேத்து வித்துக்குடுங்கக்கான்னு கெஞ்சுறாரு தாயி. இதை வயித்துக்கு ஆகாதுன்னு என்கிட்ட சொன்னது யாரு? நீதான? இதே வாசல்ல நின்னுதான?"

பிலோமினாக்காவுக்கு ஞாபகசக்தி அதிகம்.

"நான் அவருகிட்ட ஒன் பேர சொல்லல. சொல்ல வேண்டியது நீ" என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டை எடுத்தாள். இன்று அவளிடம் மீன் வாங்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

சரி, எழுதிவிடுகிறேன். டைரியிடமும் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

முதல் போகத்தின்போது பதினாறு வீட்டுத் தூக்கும் வரிசையாக வந்தது. இவருக்கு இல்லை என்று சொல்ல நாக்கு வராது. எழுபது கிலோ அப்படியே போனது. அடுத்த போகத்தில் மங்கை அண்ணி வந்தபோது என் வாயில் தானாக வந்துவிட்டது: "அண்ணி, இது அமெரிக்காக்காரனுக்குன்னு மருந்து வச்சு வளக்குறது. நம்ம ஒடம்புக்கு ஆகாது. நாங்களே திங்கிறதில்ல."

ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். பிறகு இன்னும் ஒருமுறை, என் சித்தப்பாவிடம். பிலோமினாக்காவிடம் சும்மா பேச்சுவாக்கில். ஊசி, கட்டி, கல்யாணம் எல்லாம் நான் சொன்னது இல்லை, அது ஊர் தன் கையால் போட்ட தாளிதம். ஆனால் உலை வைத்தது நான். தவளை தன் வாயால் கெட்ட மாதிரி கெட்டேன்.

பொய்யைக் காப்பாற்ற ஆறு வருடமாக என் வீட்டு அடுப்பில் எங்கள் இறால் ஒன்றுகூட ஏறியதில்லை. வாசனை போனால் அண்டை வீட்டுக்குத் தெரிந்துவிடுமே. இவருக்கு இந்தப் பொய் தெரியாது. "விக்கிற சரக்க நாமளே திங்கக் கூடாது" என்று நான் சொன்ன இன்னொன்றை நம்பினார்.

இன்று ஒரு கிலோ எடுத்து, தோல் உரித்து, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு வறுத்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே வைத்தேன். நிறைமதி மூன்றாவது முறை கேட்டு வாங்கினாள். "அம்மா, இவ்வளவு நாளா இத ஏன்மா அமெரிக்காவுக்கு மட்டும் குடுத்தோம்?"

இவர் ஒரு இறாலை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். "நாயகி, இது நல்லாருக்கு" என்றார். ஆறு வருடம் நான்கு வேளை ஊட்டி வளர்த்தவர் ருசி பார்த்தது இன்றைக்குத்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

அக்டோபர் 15, புதன்

தம்பி சொன்ன கெடு இன்று. இவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. பரணில் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்தேன். சும்மா தூசியாக இருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்றிலிருந்து அடை மழை. நல்ல தண்ணீர் விழ விழக் குட்டையில் உப்பு குறைகிறது. உப்பு குறைந்தால் இறால் நோகும். மின்சாரம் இரண்டு முறை போனது. இவர் டீசல் எஞ்சினை ஓட்டிக்கொண்டு கரையிலேயே குடையோடு நிற்கிறார். குடை எஞ்சினுக்கு, இவருக்கு இல்லை. இறால் இனி இரண்டு வாரம் தாங்கினால் அதிகம்.

மூன்று டன் உயிர் தண்ணீருக்குள், அதை வளர்த்த மனிதர் மழைக்குள். நான் மட்டும் நனையாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி பிறந்துவிட்டது. நாளை ஞாயிறு, நாளை மறுநாள் தீபாவளி. ஒரு மாதம் கவுச்சி தொடாத ஊர் நாளைக்குக் கடைத்தெருவில் வந்து விழும். மழையினால் படகுகளும் இரண்டு நாளாகக் கடலுக்குப் போகவில்லை.

பிலோமினாக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வெறும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு ஒங்க எடத்துல எங்க எறால வச்சுக்க விடுங்கக்கா. கடலும் ஒங்களுக்கு ஒண்ணும் தரல."

"எடம் தாரேன். வாய் நீ தரணும். ஆகாதுன்னு சொன்ன அதே வாயால ஆகும்னு சொல்லு, எல்லாருக்கும் முன்னால. நான் சொன்னா, வித்துக் காசு பாக்க சொல்லுறான்னு சொல்லும் ஊரு."

"அண்ணி வருவாங்கக்கா. ஒவ்வொரு தீவாளிக்கும் மொத நாளே இங்கதான் கறி எடுக்க வருவாங்க."

"வரட்டுமே. அவுங்களுக்குத்தான மொதல்ல சொன்ன."

அக்டோபர் 19, ஞாயிறு

விடிகாலையில் இவர் வலை போட்டு ஐம்பது கிலோ எடுத்தார். தார்ப்பாயின் கீழே பிலோமினாக்காவின் பலகை, பக்கத்தில் நான் கொண்டுபோன மண்ணெண்ணெய் அடுப்பு, வாணலி, நல்லெண்ணெய். இவருக்கு விஷயம் தெரியாது. "அடுப்பு எதுக்கு?" என்றார். "குளுருது" என்றேன்.

கறிக்கடையில் வரிசை ரோட்டைத் தாண்டி நின்றது. எங்கள் பலகைக்கு வந்தவர்கள் பார்ப்பார்கள், கண் விரியும், "கடலா?" என்பார்கள். "வெனாமி" என்று இவர் உண்மையைச் சொல்வார். கண் சுருங்கும், போய்விடுவார்கள். ஏழு மணி ஆகியும் ஒரு கிலோ போகவில்லை. இவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விற்காத மனிதர் தராசைத் துடைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது மங்கை அண்ணி வந்தார்கள். அவர்களுடைய குரல் எப்போதும் அவர்களுக்கு இரண்டு கடை முன்னால் வரும்.

"ஏ நாயகி! ஒடம்புக்கு ஆகாதுன்னு எங்களுக்கெல்லாம் சொல்லிட்டு இப்ப ஊருக்கு விக்க வந்துட்டியளா? நல்லாருக்குடி ஒங்க நாயம்!"

கறிக்கடை வரிசை முழுவதும் திரும்பியது. இவரும் திரும்பினார். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். மூன்று தீக்குச்சி வீணாயிற்று.

"ஆமா அண்ணி, நான்தான் சொன்னேன். நான் சொன்னது பொய்யி" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்துவிட்டது. "ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. எல்லாத்தையும் கெளப்பிவிட்ட பாவி நான்தான்."

"ஏன்டி? ஒரு தூக்கு எறாலுக்கா?"

யோசித்து வைத்திருந்த பேச்சு வேறு. வந்தது வேறு.

"ஒரு போகம் நட்டமானாலும் ஒங்க தம்பி திரும்ப சிங்கப்பூரு போயிருவாரு அண்ணி. ஒன்பது வருசம் நான் தனியா கெடந்தேன். எம் புள்ள அப்பாவ போன்ல பாத்து வளந்துச்சு. ஒத்த எறால விட்டாலும் அது இவர விடுற மாதிரி இருந்துச்சு எனக்கு. அதான் சொன்னேன். இப்ப அந்தப் பொய்யே இவர அனுப்பி வைக்கப் போவுது."

சொல்லிவிட்டு, இறாலை அள்ளி எண்ணெயில் போட்டேன். உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும்தான். வெந்ததும் எல்லோர் முன்னாலும் நின்று தின்றேன். சூட்டில் நாக்கு வெந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான். நிறைமதியும் வந்து என் கையிலிருந்து ஒன்று பிடுங்கித் தின்றாள்.

மங்கை அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வாணலியிலிருந்து ஒன்றை எடுத்து ஊதி, வாயில் போட்டார்கள். மென்றார்கள். இன்னொன்று எடுத்தார்கள்.

"ஆறு வருசம் ஏமாத்திப்புட்டாளே பாவி மவ" என்றார்கள் வரிசையைப் பார்த்து. "மதி, ரெண்டு கிலோ போடு. காசு வாங்கிக்க. ஓசியில குடுத்தா இவ இன்னும் என்னென்ன சொல்லுவாளோ!"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வரிசை உடைந்தது. கறிக்கடையிலிருந்து நான்கு பேர், பிறகு பத்துப் பேர். பிலோமினாக்கா எழுந்து நின்று, "தள்ளாதிய, தள்ளாதிய, குட்டையில மூணு டன்னு கெடக்கு" என்று அமெரிக்காவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். ஒன்பது மணிக்குப் பலகை காலி. இவர் இன்னொரு வலை போட ஓடினார். ஓடும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

இருட்டுவதற்குள் இருநூறு கிலோ.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துவிடும்போது இவர் கேட்டார். "ஆறு வருசமா எனக்குக்கூட சொல்லலயே?"

"ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது. கேஸ் மானியம்னு சொன்ன ஆளுதான நீங்க?"

சீயக்காய் கண்ணில் பட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிங்கப்பூருக்கு என்ன சொன்னார் என்று கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

தினமும் வலை. பேராவூரணியிலிருந்து ஒரு வண்டி, பட்டுக்கோட்டை பிரியாணிக் கடைக்கு ஒரு வண்டி. அதைக் காசிம் பாய்தான் பிடித்துக் கொடுத்தார், போனிலேயே சொன்னார். பக்கத்துக் குட்டைக்காரரும் எங்கள் பலகையில் இடம் கேட்டார். கொடுத்தோம். அமெரிக்கா தருகிற விலை இல்லைதான். ஆனால் அடுத்த குஞ்சுக்கும் குத்தகைக்கும் ஆகும். புதுத் துணி யாருக்கும் எடுக்கவில்லை, நிறைமதிக்கு மட்டும் ஒரு பாவாடை.

கடைத்தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதையும் இங்கே எழுத மாட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

குட்டை நேற்று காலியானது. காலையில் நான் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி பேசினான்.

"எறாலெல்லாம் வித்துப்போச்சாமேக்கா, மங்கை அக்கா மவன் சொன்னான். அந்த எடத்துக்குக் கடலூர்ப் பையன் ஒருத்தன் வந்து சேந்துட்டான்னு அத்தான்ட்ட சொல்லிரு."

"அத்தான் எப்பத்தான்டா வேணாம்னு சொன்னாரு? தீவாளி முடிஞ்சா?"

"தீவாளியா? ஆயுத பூஜ அன்னிக்கே சொல்லிட்டாரே. நான்தான் கெடு முடியட்டும்னு வச்சிருந்தேன். ஒனக்குத் தெரியாதா?"

ஆயுத பூஜை அன்று கம்பெனி கைவிட்டு மூன்று நாள். ஒரு கிலோகூட விற்காத நாள். விற்கும் என்று யாருக்கும் தெரியாத நாள்.

சோற்றைத் தூக்கில் கட்டிக்கொண்டு குட்டைக்குப் போனேன். இவர் காலிக் குட்டைச் சேற்றில் முழங்கால் வரை இறங்கிச் சுண்ணாம்பு வீசிக்கொண்டிருந்தார். கரையில் நின்று கேட்டேன்.

"வரல்லன்னு அன்னிக்கே சொல்லிட்டியளாமே. என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லயே."

"எறால் வித்திருக்காட்டி என்ன பண்ணியிருப்பிய?"

சுண்ணாம்புக் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "தெரியாது. கூலிக்குப் போயிருப்பேன். பட்டினி கெடந்திருப்போம். ஆனா நெறைக்கு மொத ரெண்டு வருசம் நான் யாருன்னே தெரியாது நாயகி. ஒனக்கு ஒன்பது வருசம். இனிமே அங்க போயி சம்பாரிச்சு அத எங்க குடுத்து வாங்குறது?"

அவ்வளவுதான் சொன்னார். திரும்பவும் வீச ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. திட்ட ஆரம்பித்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைப் பெட்டி துடைக்க விட்டதற்கு, கடைத்தெருவில் அழ விட்டதற்கு, மழையில் குடையை எஞ்சினுக்குப் பிடித்ததற்கு. அங்கிருந்து பின்னால் போனது. நிறைமதிக்குக் காமாலை வந்தபோது இல்லாததற்கு, கூரை ஒழுகியபோது இல்லாததற்கு, என் அப்பா செத்த அன்று ஸ்பீக்கரில் அழுததற்கு. அந்த ஒன்பது வருடமும் வெளிநாட்டுப் போன் காசு என்று, நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். திட்டவே இல்லை. அத்தனையையும் இன்று அரைமணி நேரம் கரையில் நின்று திட்டினேன். இவர் வீசுவதை நிறுத்திவிட்டு, சேற்றில் அசையாமல் நின்று முழுவதையும் கேட்டார்.

நான் மூச்சு வாங்கி நிறுத்தியதும், "சோறு கொண்டாந்தியா?" என்றார்.

கொண்டுபோயிருந்தேன். கரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.